வெப்பத்தை இறைக்கும் பெட்டி

இல்லமும் அறிவியலும்

கச்சிராயபாளையத்திலிருந்து ஒரு சகோதரி நீண்ட மடல் ஒன்று வரைந்துள்ளார். அவருடைய மாமியார் பக்கவாதத்தால் படுக்கையில் கிடக்கிறார். மாடியில்லாத கான்கிரீட் வீடு. சித்திரை, வைகாசி மாதங்களில் இரவு பத்து மணிக்குக்கூடத் தளத்திலிருந்து அனல் இறங்குகிறது. முதியவரின் முதுகில் படுக்கைப்புண் தோன்றிவிட்டது. வெளிநாட்டில் பணிபுரியும் மகன், "ஆயாவுக்கு ஏ.சி. போடுங்கள்" என்று பணம் அனுப்பியிருக்கிறான். கடைக்காரர் 2 டன் வேண்டும் என்கிறார். பக்கத்து வீட்டாரோ, "கரும்பு விற்ற பணமெல்லாம் கரண்டு பில்லுக்கே சரியாகிவிடும்" என்று அச்சுறுத்துகின்றனர். இவை போதாவென்று, "பங்கிலே நாலு பேர் என்ன சொல்வார்களோ, இது ஆடம்பரமோ" என்ற கலக்கமும் அவர் உள்ளத்தை அரிக்கிறது.

இறுதி வினாவுக்கே முதலில் விடை கூறிவிடுகிறேன். படுக்கையிலிருக்கும் முதியவருக்கு இது ஆடம்பரமன்று. நம் உடல் தன் வெப்பத்தை இரு வழிகளில் வெளியேற்றுகிறது: தோலுக்கு மிகுதியான இரத்தத்தை அனுப்புவது ஒன்று, வியர்ப்பது மற்றொன்று. முதுமையில் இரண்டுமே தளர்கின்றன. இதயம் கூடுதலாக உழைத்தும் பயன் குறைகிறது. தாகமும் மங்கிவிடுவதால் தண்ணீர் கேட்கத் தோன்றுவதில்லை. பகலெல்லாம் வெம்மையைத் தாங்கிய உடலுக்கு இரவிலேனும் ஓய்வு வேண்டும். இரவும் தணியாத வெப்பமே முதியோரை வீழ்த்துகிறது. ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. படுக்கைப்புண்ணுக்கு மருந்து குளிர்ச்சியன்று. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நோயாளியைப் புரட்டிப் படுக்கவைப்பதும், தோலை ஈரமின்றி வைப்பதுமே அதற்கு முதல் சிகிச்சை. வியர்வை குறைந்தால் அவ்வேலை எளிதாகும், அவ்வளவே.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015ஆம் ஆண்டில் வெளியிட்ட 'லவுதாத்தோ சீ' என்னும் சுற்றுமடலின் 55ஆம் பத்தியில், குறையாது வளரும் தீய நுகர்வுப் பழக்கங்களுக்கு எடுத்துக்காட்டாகக் குளிர்சாதனத்தையே காட்டியிருக்கிறார் என்பதை நம் வாசகர் சிலர் நினைவுகூரக்கூடும். விற்பனையால் ஆதாயம் பெறும் சந்தை மேலும் மேலும் தேவையைத் தூண்டுகிறது என்பது அவர் கருத்து. அதை நான் மறுக்கவில்லை. கடைக்காரர் 120 சதுர அடி அறைக்கு 2 டன் என்று சொன்ன இடத்திலேயே அந்தத் தூண்டுதல் தொடங்கிவிட்டது. ஆகவே இவ்வியந்திரம் எவ்வாறு இயங்குகிறதென்று அறிந்துகொண்டு, வேண்டிய அளவுக்கு மட்டும் வாங்குவதே முறை.

குளிர்சாதனம் குளிர்ச்சியை உண்டாக்குவதில்லை. குளிர்ச்சி என்றொரு பொருளே கிடையாது. இருப்பது வெப்பம், அல்லது வெப்பக் குறைவு. அறையிலுள்ள வெப்பத்தை எடுத்து வெளியே கொட்டுவதுதான் அப்பெட்டி செய்யும் வேலை. நீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடுவதுபோல, வெப்பம் சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்குத் தானாகவே செல்லும். எதிர்த்திசையில் தானாகச் செல்லாது. கிணற்று நீரை மேட்டு நிலத்துக்கு ஏற்ற வேண்டுமானால் கமலையோ பம்புசெட்டோ வேண்டுமன்றோ? அவ்வாறே 26 டிகிரி அறையிலிருந்து 40 டிகிரி வெயிலுக்கு வெப்பத்தை ஏற்ற ஓர் இறைப்பான் வேண்டும். அதற்குத்தான் மின்சாரம் செலவாகிறது.

எங்ஙனம் இறைக்கிறது? இதற்கான விளக்கம் அச்சகோதரியின் ஊரிலேயே இருக்கிறது. கச்சிராயபாளையத்திலுள்ள கள்ளக்குறிச்சி-2 கூட்டுறவுச் சர்க்கரை ஆலையில் அரைவைப் பருவத்தில் வேலை பார்த்தவர் எவரையேனும் கேட்டுப் பாருங்கள். கரும்புச் சாற்றைச் சுண்டவைக்கும் கலன்கள் வரிசையாக நிற்கும். முதல் கலனில் கொதித்த சாற்றின் ஆவியே அடுத்த கலனைச் சூடாக்கும். அதன் ஆவி அதற்கடுத்ததை. கடைசிக் கலனில் காற்றை உறிஞ்சி அழுத்தத்தைக் குறைத்து வைத்திருப்பதால், சாறு 60 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும். ஒரே வெப்பத்தை மும்முறை நான்முறை பயன்படுத்தும் இவ்வேற்பாட்டை வகுத்தவர் நார்பெர்ட் ரில்லியூ. அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தைச் சேர்ந்த அவர், 1843இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். எரிபொருள் சிக்கனத்தின் வரலாற்றில் இதற்கு இணையானவை சிலவே. நாம் இங்கே கொள்ளவேண்டிய செய்தி இது: ஒரு திரவம் எந்த வெப்பநிலையில் கொதிக்கும் என்பதை அழுத்தம் தீர்மானிக்கிறது. அழுத்தம் குறைந்தால் குறைந்த சூட்டில் கொதிக்கும். கூடினால் மிகுந்த சூட்டில்தான் கொதிக்கும். கொதிக்கும்போது சுற்றுப்புறத்திலிருந்து வெப்பத்தை விழுங்கும்; ஆவி மீண்டும் திரவமாகும்போது அதே வெப்பத்தைக் கக்கும்.

குளிர்சாதனத்தில் கரும்புச் சாற்றுக்குப் பதிலாக 'கேஸ்' என்று நாம் சொல்லும் ஒரு வேதிப்பொருள் இருக்கிறது. இப்போது பெரும்பாலான வீட்டுப் பெட்டிகளில் இருப்பது ஆர்-32. திறந்த வெளியில் இது பூஜ்யத்துக்குக் கீழ் 52 டிகிரியிலேயே கொதித்துவிடும். அறைக்குள் இருக்கும் பெட்டியின் செப்புக்குழாயில், காற்றழுத்தத்தைப்போல் சுமார் 11 மடங்கு அழுத்தத்தில் இதை வைத்தால் 10 டிகிரியில் கொதிக்கும். அறைக் காற்று அக்குழாயின்மேல் வீசும்போது, தன் வெப்பத்தைக் கொதிக்கும் திரவத்துக்குக் கொடுத்துவிட்டுத் தான் குளிர்ந்து திரும்புகிறது. ஆவியான பொருள் வெளியிலுள்ள பெட்டிக்குச் செல்கிறது. அங்கே கம்பிரசர் அதனை 30 மடங்குக்குமேல் அழுத்துகிறது. சைக்கிள் பம்பை வேகமாக அடித்தால் அடிப்பாகம் சுடுவதுபோல, ஆவியும் வெளிக்காற்றைவிடச் சூடாகிறது. ஆகவே தன் வெப்பத்தை வெளிக்காற்றுக்குக் கொடுத்துத் திரவமாகிறது. பின் ஒரு நுண்துளை வழியாகத் திடீரென விரிந்து குளிர்ந்து மறுபடியும் அறைக்கு வருகிறது. வெள்ளிமலைக்குப் பேருந்தில் ஏறும்போது காற்று சில்லென்று மாறுவதற்கும் இதற்கும் உறவுண்டு. மேலே செல்லும் காற்று அழுத்தம் குறைந்து விரிவதாற் குளிர்கிறது; 600 மீட்டர் ஏறினால் ஏறத்தாழ 4 டிகிரி குறையும்.

பெரிய திரையரங்குகளிலும் மருத்துவமனைகளிலும் வேறு முறை உண்டு. ஓரிடத்தில் காற்றைக் குளிரவைத்து, கூரைக்கு அடியில் ஓடும் அகன்ற தகரக் குழல்கள் வழியாக ஒவ்வோர் அறைக்கும் அனுப்புவார்கள். அக்குழல் போகும் வழியெல்லாம் சூட்டை வாங்கிக்கொள்ளும். இணைப்புகளில் காற்றுக் கசியும். சூடான கூரை இடுக்கில் குழல் ஓடும் அமெரிக்க வீடுகளில் இவ்வகையில் நூற்றுக்கு 30 பங்குக்குமேல் ஆற்றல் வீணாகக்கூடும் என்று அந்நாட்டு எரிசக்தித் துறையே கூறுகிறது. நம் வீடுகளுக்கு வந்திருக்கும் 'ஸ்பிளிட்' வகையில் குழலே இல்லை. காற்றுக்குப் பதிலாகத் திரவமே வெப்பத்தைச் சுமக்கிறது. வேறுபாட்டைக் கணக்கிட்டுப் பாருங்கள். 1 டன் குளிர்ச்சியைக் காற்றின் வழியாகக் கொண்டுசெல்ல, விநாடிக்குக் கால் கன மீட்டர் அளவு காற்று ஓட வேண்டும்; அதற்கு ஒரு சாணுக்குச் சற்றுக் கூடிய சதுரக் குழல் தேவைப்படும். அதே வேலையை ஆர்-32 விநாடிக்கு ஏறத்தாழ 15 கிராம் ஓட்டத்தில் செய்துவிடுகிறது. விரலளவு செப்புக்குழாய் போதும். சுவரில் ஒரு துளை போதும். அன்றியும், ஆளில்லாத அறையைக் குளிரவைக்கும் வீண்செலவு இல்லை. மாமியாரின் அறைக்கு வேண்டுமென்றால் அவ்வறைக்கு மட்டும்தான்.

இனிச் செலவுக்கு வருவோம். மின்சாரம் வெப்பத்தை உண்டாக்கவில்லை, இறைக்கத்தான் செய்கிறது என்பதால், 1 யூனிட் மின்சாரம் 3, 4, 5 யூனிட் வெப்பத்தைக்கூட வெளியேற்ற முடியும். கேட்பதற்கு மாயம்போல் தோன்றினும் இது கணக்குதான். கிணற்றின் ஆழம் குறைந்தால் ஒரே பம்புசெட்டு அதே மின்சாரத்தில் மிகுந்த நீரை இறைக்காதா? இங்கே ஆழம் என்பது அறைக்கும் வெளிக்கும் உள்ள வெப்ப வேறுபாடு. ரிமோட்டில் 18 என்று வைப்பவர் தம் கிணற்றைத் தாமே ஆழமாக வெட்டிக்கொள்கிறார். ஒவ்வொரு டிகிரி உயர்த்தினாலும் ஏறத்தாழ நூற்றுக்கு 6 பங்கு மின்சாரம் மிச்சமாகும் என்பது 2002இல் அமைந்த மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பின் கணிப்பு. நட்சத்திரம் பொறித்த பெட்டிகள் யாவும் தாமாகவே 24 டிகிரியில் தொடங்கவேண்டும் என்ற விதி 2020 சனவரியில் நடைமுறைக்கு வந்தது இக்காரணம் பற்றியே. 16 என்று அமைத்தால் அறை விரைவில் குளிரும் என்று எண்ணுவோர் நம்மிடையே பலர். சாதாரணப் பெட்டி எந்த எண்ணை வைத்தாலும் ஒரே வேகத்தில்தான் குளிர்விக்கும். எப்போது நிறுத்துவது என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது.

பெட்டியின்மேல் ஒட்டியிருக்கும் நட்சத்திரச் சீட்டில் 'ஐசீர்' என்றோர் எண் காணப்படும். அதையே முதலில் பாருங்கள். ஓராண்டில் 1,600 மணி நேரம், 24 முதல் 43 டிகிரி வரை மாறும் வெளிச்சூட்டில் ஓடினால், 1 யூனிட்டுக்குச் சராசரியாக எத்தனை யூனிட் வெப்பம் வெளியேறும் என்பதே அதன் பொருள். 2018 முதல் இது கட்டாயமாயிற்று. 2022 சூலையில் வந்த அட்டவணைப்படி 5 நட்சத்திரத்துக்கு எண் 5 வேண்டியிருந்தது. 2 நட்சத்திரத்துக்கு 3.5 போதுமாயிருந்தது. அவ்வப்போது இவ்வளவு உயர்த்தப்படுவதால், பழைய ஆண்டின் 5 நட்சத்திரம் புதிய ஆண்டில் 4 ஆகவோ 3 ஆகவோ இறங்கிவிடும். ஆகவே சீட்டிலுள்ள ஆண்டையும் பாருங்கள். ஒரு கோடையில் 4,000 யூனிட் வெப்பத்தை வெளியேற்ற வேண்டியிருந்தால், எண் 3.5 உள்ள பெட்டிக்கு 1,143 யூனிட் மின்சாரமும், 5 உள்ளதற்கு 800 யூனிட்டும் ஆகும். நம் மின்கட்டணம் படிக்கட்டு முறையிலானது. மேலே செல்லச் செல்ல யூனிட்டின் விலையும் ஏறும். எனவே மிச்சமாகும் 343 யூனிட்டும் விலையுயர்ந்த மேல்படியிலிருந்து கழிபவை. ஆண்டுக்கு ஒரு மாதம் மட்டும் ஓட்டுபவர் இதற்காகக் கூடுதல் விலை கொடுக்க வேண்டியதில்லை. நோயாளிக்காக இரவுதோறும் ஓட்டுபவர் கொடுக்கலாம்.

'இன்வர்ட்டர்' ஏ.சி. என்றதும், மின்சாரம் போனால் ஓடும் பாட்டரிப் பெட்டி என்று பலர் கருதுகின்றனர். அது வேறு, இது வேறு. இன்வர்ட்டர் ஏ.சி.யும் மின்வெட்டில் நின்றுதான் போகும். சாதாரணப் பெட்டியின் கம்பிரசர் முழு வேகத்தில் ஓடும், அல்லது நிற்கும். ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் வழக்கமான மின்னோட்டத்தைப்போல் பன்மடங்கு இழுக்கும். தெருக்கோடி வீட்டில் விளக்கு மங்குவது அதனால்தான். இன்வர்ட்டர் வகையில் மோட்டாரின் வேகத்தையே கூட்டவும் குறைக்கவும் முடியும். வீட்டு உபயோகத்துக்கான இவ்வகையை 1981இல் சப்பான் நாட்டின் தோஷிபா நிறுவனம் கொண்டுவந்தது. அறை ஓரளவு குளிர்ந்தபின் பெட்டி பாதி வேகத்தில் மெல்ல ஓடுகிறது. அப்போது பாதி வெப்பத்துக்கு முழு அளவுக் குழாய்ப்பரப்பும் கிடைப்பதால் இறைக்கும் ஆழம் குறைகிறது. சிக்கனத்தின் இரகசியம் அங்கேதான் இருக்கிறது. இரவு முழுவதும் ஓடவேண்டிய அறைக்கு இதுவே ஏற்றது.

'டன்' என்பது எடையன்று. பனிக்கட்டிக் காலத்திலிருந்து வந்த சொல். பாஸ்டன் நகரத்து பிரடரிக் டியூடர், அமெரிக்க ஏரிகளில் உறைந்த பனிக்கட்டியைக் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பினார். 1833இல் கல்கத்தாவுக்கு முதற்சரக்கு வந்தது. சென்னைக் கடற்கரையில் 1842இல் அதற்கென எழுந்த கட்டடமே ஐஸ் அவுஸ். பின்னர் விவேகானந்தர் இல்லமாயிற்று. ஒரு டன் பனிக்கட்டி, அமெரிக்கக் கணக்கில் 907 கிலோ, 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை வாங்குமோ அவ்வளவே 1 டன் குளிர்ச்சி. நம் அளவில் 3.5 கிலோவாட். ஆளொருவர் அமைதியாகப் படுத்திருந்தால் அவர் உடலிலிருந்து வருவது 100 வாட் அளவே. ஆக, 120 சதுர அடி அறைக்குச் சாதாரணமாக 1 டன் போதும். சகோதரியின் வீடு வெயில் நேரே விழும் தளமாதலால், கூடினால் 1.5 டன். கடைக்காரரின் 2 டன் வேண்டவே வேண்டாம். அளவுக்கு மிஞ்சிய சாதாரணப் பெட்டி அறையை நொடியில் குளிரவைத்து நின்றுவிடும்; காற்றிலுள்ள ஈரத்தை வாங்க அதற்கு நேரமிராது. அறை சில்லிட்டும் உடம்பு பிசுபிசுக்கும்.

பெட்டி வாங்கும் முன் தளத்தைப் பாருங்கள். உச்சிவெயிலில் ஒரு சதுர மீட்டர்மீது ஏறத்தாழ 1 கிலோவாட் வெயில் விழுகிறது. 120 சதுர அடி தளத்தின்மேல் விழுவது 11 கிலோவாட்! அதில் ஒரு பகுதியே உள்ளே இறங்குகிறது என்றாலும், 3.5 கிலோவாட் பெட்டி எதனோடு போராடுகிறது என்பது விளங்கும். கான்கிரீட் பகலில் வாங்கிய சூட்டை இரவில் மெல்லக் கக்குவதுதான் சகோதரி எழுதிய பத்து மணி அனல். பழைய நாட்டு ஓட்டு வீடுகளிலும், கரும்புச் சோகை வேய்ந்த கூரைகளிலும் இத்தொல்லை இருந்ததில்லை. தளத்துக்கு நல்ல வெண்சுண்ணாம்போ, வெயிலைத் திருப்பியனுப்பும் வெள்ளைப் பூச்சோ இரண்டு கை அடித்தால், விழும் வெயிலின் பெரும்பங்கு மேலேயே திரும்பிவிடும். மேற்குச் சுவருக்கு ஒரு பந்தலும் சன்னலுக்குத் தட்டியும் உதவும். இவற்றைச் செய்தபின் 1 டன்னே போதுமானதாகலாம்.

பெட்டியின் கீழ்க்குழாயில் சொட்டும் நீரைக் கண்டு பழுது என்று அஞ்சுவோர் உண்டு. அது அறைக் காற்றின் ஈரம். ஒரு லிட்டர் ஈரத்தை நீராக்க ஏறத்தாழ மூன்றில் இரண்டு யூனிட் வெப்பத்தை வாங்க வேண்டும். ஓரிரவில் 10 லிட்டர் வாளி நிறைந்தால், அதற்கு மட்டுமே 6 யூனிட்டுக்கு மேற்பட்ட வெப்பம் இறைக்கப்பட்டிருக்கிறது. கதவைத் திறந்து திறந்து மூடினால் வெளியீரம் உள்ளே புகுந்து இந்த வேலை கூடும். ஏர்கூலர் போதாதா என்று சிலர் கேட்பர். மண்பானைத் தத்துவத்தில் நீரை ஆவியாக்கிக் குளிர்விப்பது அது. அக்கினி நட்சத்திரத்தின் வறண்ட பகலில் கச்சிராயபாளையத்தில் நன்றாகவே வேலை செய்யும். மின்செலவும் மிகக் குறைவு. ஆனால் புதுவை, கடலூர்ப் பக்கத்துப் புழுக்கத்தில் பயன் சொற்பம். படுக்கைப்புண் உள்ளவருக்கு ஈரக்காற்றும் ஆகாது.

அறையில் 26 அல்லது 27 டிகிரி வைத்து, மின்விசிறியை மெதுவாக ஓடவிடுங்கள். காற்று நேரே முதியவர்மேல் வீச வேண்டாம். இன்னொன்று: ஸ்பிளிட் பெட்டி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை, இருக்கும் காற்றையே சுற்றிச் சுற்றி அனுப்புகிறது. 2020இல் கொரோனா காலத்தில் இக்குறையை நாடே உணர்ந்தது. காலையிலும் மாலையிலும் சன்னலைத் திறந்து காற்று மாற்றுக. மூடிய அறையில் கொசுவர்த்திச் சுருளைக் கொளுத்தவே கூடாது.

பொருத்த வருபவரிடம் இரண்டு செய்திகளில் உறுதியாக நில்லுங்கள். செப்புக்குழாயை இணைத்தபின் உள்ளிருக்கும் காற்றையும் ஈரத்தையும் வெற்றிடப் பம்பு வைத்து முழுதும் உறிஞ்ச வேண்டும். அவசரக்காரர்கள் பெட்டியிலுள்ள கேஸையே சிறிது திறந்துவிட்டுக் காற்றைத் தள்ளிவிட்டோம் என்பார்கள்; அது பெட்டியின் ஆயுளைக் குறைக்கும். அடுத்து, ஆண்டுதோறும் கேஸ் நிரப்ப வேண்டும் என்ற பேச்சு. அடைத்த குழாயில் சுழலும் பொருள் எண்ணெய்போல் எரிந்து தீர்வதில்லை. குறைந்திருந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது. ஓட்டையை அடைக்காமல் நிரப்புவது ஓட்டைக் குடத்தில் நீர் மொள்வதாகும். கசியும் கேஸ் பூமிக்கும் கேடு. ஆர்-32 கரியமில வாயுவைப்போல் 675 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்க வல்லது. பழைய ஆர்-22 அதனினும் கொடிது. ஓசோன் படலத்தையும் அரிப்பதால், 2025 தொடக்கம் முதல் நம் நாட்டில் புதிய பெட்டிகளில் அதை நிரப்பித் தயாரிப்பது நிறுத்தப்பட்டது. ஆர்-290 என்பது புரொப்பேன். பூமிக்குத் தீங்கு மிகக் குறைவு. ஆனால் எளிதில் தீப்பற்றும். ஆர்-32கூடச் சிறிதளவு தீப்பற்றக்கூடியதே. ஆகவே பழுது பார்ப்பவர் பயிற்சி பெற்றவராக இருத்தல் வேண்டும். உள்பெட்டியின் வலையை மட்டும் இரு வாரத்துக்கு ஒருமுறை நீங்களே கழற்றிக் கழுவலாம். தூசி அடைத்த வலை, கிணற்றை ஆழமாக்குவதற்கு ஒப்பாகும்.

வெளிப்பெட்டியை எங்கே மாட்டுவது என்பதே எஞ்சியிருக்கிறது. மேற்கு வெயிலில் மாட்டினால் சூடான காற்றிலேயே அது சூட்டைக் கொட்ட வேண்டும். வடக்கு அல்லது கிழக்குச் சுவர் நன்று. சந்துக்குள்ளோ நாற்புறமும் அடைத்த இடத்திலோ வைத்தால் தான் கக்கிய அனலையே தான் உறிஞ்சும். அறையிலிருந்து எடுத்த வெப்பத்தோடு, செலவான மின்சாரமும் வெப்பமாகவே அப்பெட்டியிலிருந்து வெளியேறுகிறது. 1 டன் பெட்டி முழு வேகத்தில் ஓடும்போது 4.5 கிலோவாட் அளவு அனல் காற்று இரவெல்லாம் வீசும். சகோதரியின் கடிதத்தின்படி வடக்குச் சுவரை ஒட்டினாற்போல் பக்கத்து வீட்டாரின் சன்னல் இருக்கிறது. துளை போடும் முன்பு அவர்களையும் அழைத்து இடத்தைக் காட்டி, காற்று அவர்கள் பக்கம் வீசாதபடி பெட்டியை மேலே தளத்தின் நிழற்பக்கத்தில் வைக்க இயலுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். குழாய் இரண்டு மூன்று மீட்டர் நீளும். செலவு சிறிது கூடும்.